பால்மரத்து மருந்து

மலாக்கா பக்கம் பத்து பெரண்டாம் என்கிற ஊரில் மகன் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், நல்லமுத்துவுக்கு மருமகள் மலர்க்கொடியிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் முள்ளுச் செடி வளர்த்தாள். ரோஜாவுக்கு முள் இருந்தால் போகட்டும், அது சாமிக்குப் போகிற பூ. இது பழத்துக்காம். அதுவும் வெள்ளைக்காரன் ஊர்ப் பழம். ராஸ்பெர்ரி ஒரு வரிசை, பிளாக்பெர்ரி ஒரு வரிசை. இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே கம்பி இழுத்து, அதில் குச்சி குச்சியாகக் கட்டி வைத்திருந்தாள். துணி காயப்போட இருந்த இடத்தையும் அதுதான் எடுத்துக்கொண்டது. மகனின் கால்சட்டைகள் முன்வாசல் பாகாரில், வேலிக் கம்பியில், ஊரே பார்க்கக் காய்ந்தன.

மலர்க்கொடி ஃப்ரீ ட்ரேட் ஸோனில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வரும்போது நெற்றியில் தொப்பி அழுத்திய தடம் இருக்கும். வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பின்கதவைத் திறப்பாள். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஐஸ் கட்டிகளை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போய் வேரடியில் போடுவாள்.

"என்னம்மா இது, செடிக்கு ஐஸ் காப்பியா?" என்று நல்லமுத்து ஒருநாள் கேட்டார்.

"குளுரு வேணுமாம் மாமா. அதுங்க ஊருல பனி பெய்யும்லா. நம்ம ஊரு வெயிலு அதுங்களுக்குத் தாங்குமா? கெசியான், பாவம்."

"நாங்க எல்லாம் இந்த வெயில்லதானம்மா கெடந்தோம். எங்களுக்கு எவன் ஐஸ் போட்டான்?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவர் பேச்சுக்குச் சிரிக்க ஒரு ஆள் இருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். மகன் திலீபன் டிரெய்லர் ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ரோட்டில். வீட்டுக்கு வந்தால் தூங்குவான், எழுந்தால் போனைப் பார்ப்பான். அப்பாவோடு பேச அவனுக்குச் சங்கதி எதுவும் இல்லை.

நல்லமுத்து அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறின பிறகும் சும்மா இருக்கவில்லை, ஒரு சீன முதலாளியின், தவ்கேயின், கொஞ்ச நிலத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி குஞ்சம்மா போன பிறகுதான் திலீபன் வந்து கூட்டிக்கொண்டு வந்தான். வந்த மாதமே துணி துவைக்கிற மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று குழாயைக் கழற்றி மாட்டினார். வீடு முழுக்க வெள்ளம். சோபா நனைந்து நாறிப்போனது. அன்றைக்குத் திலீபன் சொன்னான், "அப்பா, இன்னொரு தடவ எதையாச்சும் நோண்டுனீங்க, நெசமா சொல்றேன், ஹோம்ல கொண்டுபோயி விட்டுருவேன். ஒங்களுக்குக் காவல் இருக்க எனக்கு நேரமில்ல."

"என்னங்க பேச்சு இது, பெத்த அப்பாகிட்ட?" என்று மலர்க்கொடிதான் கோபித்துக்கொண்டாள். அவன் அதோடு மறந்துவிட்டான். நல்லமுத்து மறக்கவில்லை. அதன்பிறகு அவர் அந்த வீட்டில் விருந்தாளி போல உட்கார்ந்து எழுந்தார். குப்பைத் தொட்டியை வெளியே வைப்பார், காய்ந்த துணியை மடிப்பார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் மலர்க்கொடி நம்பிக் கொடுத்திருந்தாள்.

செடியின் கதையை அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. "இந்த வருசம் மொளைக்கிற குச்சி அடுத்த வருசந்தான் காய்க்கும் மாமா. காச்சு முடிஞ்சத அடியோட வெட்டிரணும். புதுசத் தொடவே கூடாது, அதுதான் அடுத்த காய்ப்பு." முதலில் போனில் ஆர்டர் பண்ணி வந்தது முசுக்கொட்டைச் செடி. பழம் பழுத்த பிறகுதான் ஏமாந்தது தெரிந்தது. பிறகு வந்த நாற்று மூன்று முறை காய்ந்தது. இப்போது நிற்பது அதற்கும் அப்புறம் வந்தவை. ராஸ்பெர்ரியில் இந்தத் தடவை காய் பிடித்துவிட்டது. பச்சைக் காய் வெளுத்து, வெளுத்தது மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. குருவி கொத்தாமல் வலை போட்டாள்.

"எங்க ஃபேக்டரி லைன்ல எல்லாரும் சிரிக்கிறாளுங்க மாமா. மலாக்காவுல பெர்ரியா, ஒனக்குப் பைத்தியமான்னு. ஒரு டப்பா கொண்டுபோயி மேசையில வச்சுட்டு ஒண்ணும் பேசாம நிக்கணும். மொதப் பழம் சாமிக்கு, ரெண்டாவது ஒங்களுக்கு, மிச்சம் அவளுங்க மூஞ்சிக்கு."

பிளாக்பெர்ரிதான் அவளை அலைக்கழித்தது. இலை கரும்பச்சையாக, குச்சி விரல் தண்டிக்கு, பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். ஒருநாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அதன் முன்னால் நின்று, "இதுக்கு என்னமோ தெம்பு பத்தல மாமா. கோழி ஒரமும் போட்டாச்சு. இன்னும் என்னதான் செய்ய?" என்றாள். அவரிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்தது, ஓடினாள்.

நல்லமுத்து அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் கட்டிலுக்கு அடியில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பால்வெட்டுக் கத்தி, குஞ்சம்மாவின் ஒரு சேலை, அப்புறம் தவ்கே கொடுத்த ஒரு மருந்துப் பாட்டில். பால் வற்றின மரத்துக்கு அந்த மருந்துதான். வெட்டுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மூன்றாம் நாள் பால் பிடிக்கிற மங்கு நிறைந்து வழியும். எத்தனை கிழட்டு மரத்தை அவர் அப்படிப் பேசவைத்திருக்கிறார்! மரம் மரம்தான், செடியும் மரத்தின் பிள்ளைதானே என்று அவருக்குத் தோன்றியது. அவர் இருந்த தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மருந்து என்றால் அவர்களுக்கு அந்த ஒரு மருந்துதான்.

அன்றைக்குக் காலையில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக்குள் நுழைந்தார். கத்தி கையில் உட்கார்ந்ததும் உடம்பே நிமிர்ந்தது. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே, சாய்வாக ஒரு சீவல். உள்மரம் காயப்படக் கூடாது. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியே சொல்லுவார், நல்லமுத்து வெட்டினால் மரத்துக்கு வலிக்காது என்று. பிளாக்பெர்ரிக் குச்சி ஒவ்வொன்றுக்கும் சீவித் தடவினார். புதுக் குருத்துக்கும் இருக்கட்டும் என்று தடவினார். பாட்டிலில் மிச்சம் இருந்தது. ராஸ்பெர்ரி மட்டும் என்ன பாவம் செய்தது, அதற்கும் தடவினார். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அதை அண்ணாந்து பார்த்து, பயலே எங்கேடா இவ்வளவு அவசரம் என்று சிரித்தார். பூ பூத்துக் குலுங்குகிறவரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். மருமகள் வந்து, "இது எப்படி மாமா?" என்று கேட்கிற நாளை நினைத்து நினைத்துத் தேநீர் குடித்தார்.

மறுநாளே காய் உதிர்ந்தது. அதற்கு மறுநாள் இலை அடியிலிருந்து மஞ்சளாகி மேலே ஏறியது. குருத்தெல்லாம் தலை மடங்கித் தொங்கின. சிவக்கவேண்டிய பழம் கருத்துச் சுருங்கி வலைக்குள் விழுந்து கிடந்தது. ஐஸ் போட்டாள், நிழல் வலை கட்டினாள், போனில் யார் யாரிடமோ படம் அனுப்பிக் கேட்டாள். ஒன்றும் நிற்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு வரிசையும் விறகாக நின்றன.

மலர்க்கொடி அழவில்லை. ஒரு குச்சியைத் தொட்டுப் பார்த்து, "புதுக் குச்சியும் போச்சே மாமா. அடுத்த வருசமும் இல்ல," என்றாள். நல்லமுத்து சொல்லியிருக்கவேண்டியது அந்த நிமிடம்தான். சொல்லத்தான் வாயெடுத்தார். ஹோம் என்கிற சொல் குறுக்கே வந்து நின்றது.

அப்போது அவள் பின்னாலிருந்த சந்துப் பக்கம் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சந்தில் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"யாரு மாமா இங்க ராச்சுன் அடிச்சது?"

புல்லுக்கு விஷம் அடித்தது பக்கத்து வீட்டு ஹனீஃப். சந்தில் பாம்பு ஒன்றைப் பார்த்ததாக அவர் மனைவி சாலிஹா பயந்ததால், முந்தின வாரம் அவரே முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு அடித்தார். ஹனீஃபுக்கு மலாக்கா டவுனில் மசாலாக் கடை. சொந்தக்காரன் போலப் பழகுகிற மனுஷன். காலையில் கார் எடுக்கும்போது, "மாமா, பசியாறியாச்சா?" என்று கேட்காமல் போகமாட்டார். பாசாருக்கு, சந்தைக்குப் போனால் நல்லமுத்துவையும் ஏற்றிக்கொண்டு போவார். நோன்பு மாதத்தில் சாலிஹா சுவருக்கு மேலாகக் கஞ்சி நீட்டுவாள், "மாமாக்கு இஞ்சி தூக்கலா போட்டிருக்கேன்," என்று.

மலர்க்கொடி போய்ச் சுவரோரம் நின்று கூப்பிட்ட குரலிலேயே சண்டை இருந்தது.

"அண்ணே! ஒரு வார்த்த சொல்லிட்டு அடிக்கக்கூடாதா? சொல்லியிருந்தா பிளாஸ்டிக் போட்டு மூடியிருப்பேன்லா?"

ஹனீஃப் கைலியோடு வெளியே வந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"வந்து பாருங்க என்ன ஆச்சுன்னு. எல்லாம் செத்துக் கெடக்கு. மூணு வருசம்ணே! புள்ள மாதிரி வளத்தேன்."

சாலிஹா பின்னாலேயே வந்தாள். "நாங்க என்ன வேணும்னா செஞ்சோம், மலரு? சந்துலதானே அடிச்சாரு. ஒங்க செடி சொவருக்கு அந்தப் பக்கம்லா இருக்கு."

"காத்து சொவரு பாத்தா வீசும்? நாங்க ஒரு சின்னச் செடி வளத்தாக்கூட ஒங்களுக்கெல்லாம் கண்ணுல குத்துதா?"

அது வேண்டாத பேச்சு. சாலிஹாவின் முகம் செத்துப்போனது. எதிர்வரிசைப் பின்கதவுகள் இரண்டு மூன்று திறந்தன. ஒரு மலாய்க்காரம்மா வாளியைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தாள்.

"அன்னிக்கிக் காத்து அவ்வளவா இல்லம்மா," என்றார் ஹனீஃப், தயங்கித் தயங்கி. "பாத்துத்தான் அடிச்சேன்."

"பாத்து அடிச்சீங்களா?" மலர்க்கொடி திரும்பினாள். நல்லமுத்து தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்றும் அவருக்குத் தெரியவில்லை. "மாமா, நீங்களே சொல்லுங்க. அவரு மருந்து அடிச்சத நீங்க பாத்தீங்கதானே?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஹனீஃபும் பார்த்தார், இவராவது சரியாகச் சொல்லுவார் என்பதுபோல.

"பாத்தேன்," என்றார் நல்லமுத்து.

பொய் இல்லைதான். பார்த்தார்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் குழாயைக் கீழே போட்டார்.

ஹனீஃப் சுவருக்கு மேலாகச் செத்த செடிகளை எட்டிப் பார்த்தார். பிறகு, "மாமாவே சொன்னா சரிதாம்மா. பட்டிருக்கும். என் தப்புதான். மாப்பு குடும்மா," என்றார். சாலிஹா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க சும்மா இருங்க," என்று அவளை அடக்கிவிட்டு, இன்னொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார். வயசில் சின்னவளிடம், தெரு பார்க்க, ஒரு குடும்பத் தலைவன் கை கட்டி நின்றதை நல்லமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. இந்தத் தாமான் குடியிருப்பில் பூமியெல்லாம் சிமெண்டு.

அதன்பிறகு சுவருக்கு மேலாக ஒன்றும் வரவில்லை. சாலிஹா துணி காயப்போட வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு காயப்போட்டாள். நல்லமுத்து பின்கதவுப் பக்கமே போவதில்லை. வாசலில் உட்கார்ந்தால் ஹனீஃப் கார் எடுக்கிற நேரம் பார்த்து எழுந்து உள்ளே போய்விடுவார். வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள அவருக்கு அறை ஒன்று இருந்தது. அந்த அறையில் கட்டில் இருந்தது, கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது. பாட்டிலைக் குப்பையில் போட்டாகிவிட்டது. என்றாலும் படுத்தால் முதுகில் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை தப்பிக்க முடியவில்லை. தொழுகைக்குப் போய்த் திரும்பிய ஹனீஃப் கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"மாமா, என்ன ஆளையே காணோம்? எம்மேல கோவமா?"

"கோவமா? எனக்கா?" நல்லமுத்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு என்னாத்துக்குப்பா கோவம்?"

"நீங்க உள்ளதச் சொன்னீங்க. அதுல எனக்கு வருத்தமே இல்ல மாமா. நம்ம வீட்டுக்கும் ஒங்க வீட்டுக்கும் நடுவுல நீங்க நியாயத்தப் பேசுனீங்க. எங்க வாப்பா இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மலருகிட்ட சொல்லிராதீங்க. நாளைக்கிக் கேமரன் மலைக்குப் போறேன். அங்க ஒரு நர்சரியில இந்தச் செடி இருக்காம், போன் பண்ணிக் கேட்டுட்டேன். கடைய சாத்திட்டுப் போறேன், சாயங்காலம் வந்துருவேன்."

"அவ்வளவு தூரமா? எதுக்குப்பா? வேணாம்."

"போகணும் மாமா. மனசு ஆறமாட்டேங்குது."

இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தன் அடித்துக்கொண்டான். நல்லமுத்து வாயைத் திறந்து, "பாத்துப் போ. மலப்பாத," என்றார்.

சனிக்கிழமை மலர்க்கொடிக்கு விடுமுறை. விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதிலிருந்து நல்லமுத்துவுக்கு இருப்பே கொள்ளவில்லை. இந்நேரம் சிரம்பான் தாண்டியிருப்பான், இந்நேரம் மலை ஏறுவான் என்று உட்கார்ந்த இடத்திலேயே அவரும் கூடப் போய்க்கொண்டிருந்தார். மத்தியானம் மலர்க்கொடி நெத்திலிச் சம்பலும் முருங்கைக்கீரையும் வைத்துச் சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒடம்பு சரியில்லியா மாமா?"

"செடிய ஹனீஃபு கொல்லலம்மா," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் கொன்னேன்."

மலர்க்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவள் குரல் இளகித்தான் வந்தது.

"சாலிஹாக்கா எதிர்வீட்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அண்ணன் கேமரனுக்குப் போயிருக்காருன்னு. ஒங்களுக்கும் தெரியும்போல. அதான் மனசு தாங்காம இப்படிச் சொல்றீங்க."

"இல்லம்மா. நெசமா நான்தான். மருந்து போட்டேன்."

"என்ன மருந்து? நீங்க தண்ணிதான் ஊத்துவீங்க. தண்ணி ஊத்துனா செடி சாவுமா?" அவள் கண் கலங்கியிருந்தது. "நான் அவங்கள அப்படிப் பேசியிருக்கக்கூடாது மாமா. எனக்கே ரெண்டு நாளா ஒரு மாதிரிதான் இருக்கு. அதுக்காக நீங்க ஒங்க தலையில போட்டுக்கிறதா? ஒங்க மவனுக்கு இந்த மனசுல பாதி இருந்தாப் போதும். சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். வெட்கம்கெட்ட வயிறு அன்றைக்கு இரண்டாவது தடவையும் சோறு வாங்கியது. சொல்லியாயிற்று, நம்பாதது அவள் பாடு என்று உள்ளே ஒரு குரல் சமாதானம் சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று கண்டுபிடித்தபோது தட்டு காலியாக இருந்தது. இத்தனை வயசுக்கு இவ்வளவு கேவலமாக அவர் தன்னை என்றும் நினைத்ததில்லை.

சாயங்காலம் மழை தூறி ஓய்ந்த நேரத்தில் ஹனீஃபின் கார் வந்தது. பின்சீட்டில் செடிகள். ஒவ்வொரு பையையும் பழைய துண்டால் சுற்றி, சாயாமல் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். மனுஷனுக்கு முகம் கறுத்துக் கண் சிவந்திருந்தது. முதல் இரண்டு பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவர்கள் கேட்டுக்கு வந்தார்.

"இது ராஸ்பெர்ரி, இது மத்தது. சரியாப் பாத்துக்கம்மா. ஏசி போட்டே கொண்டாந்தேன். வழியில சாப்பிடக்கூட நிறுத்தல, வெயில்ல கார் கொதிச்சிரும்னு."

மலர்க்கொடி கும்பிட்டுவிட்டாள். "அண்ணே, நான் பேசுனதெல்லாம் தப்புண்ணே. அக்காகிட்டயும் வந்து சொல்றேன். ஒரு செடிக்காக நான்…" மேலே பேசமுடியாமல் மாமனாரைக் காட்டினாள். "மாமா என்ன சொன்னாரு தெரியுமா? ஒங்க மேல பழி வரக்கூடாதுன்னு, செடியத் தானே கொன்னதாச் சொல்றாரு. சோத்துல கை வச்சுக்கிட்டு கலங்குறாரு."

ஹனீஃப் பைகளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நல்லமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "மாமா, ஒங்கள மாதிரி ஒரு மனுசன் பக்கத்து வீட்ல கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

அந்த நெற்றி சுட்டது. நல்லமுத்து கையை உருவிக்கொண்டார். அடித்தாற்போல் உருவினார், ஹனீஃப் திகைத்துப்போனார்.

"வாங்க. ரெண்டு பேரும் வாங்க," என்று பின்பக்கம் நடந்தார்.

செத்த குச்சிகள் இன்னும் கம்பியில்தான் கட்டிக் கிடந்தன. பிடுங்க மனம் வராமல் மலர்க்கொடி விட்டுவைத்திருந்தாள். நல்லமுத்து குனிந்து, சுருண்ட இலைகளை விலக்கி, ஒரு பிளாக்பெர்ரிக் குச்சியைத் தண்டோடு பிடித்து வளைத்துக் காட்டினார். அதில் இரண்டு விரல்கடை உயரத்தில் தோல் சீவியிருந்தது. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. சுற்றிலும் கறுத்து வெந்திருந்தது. அடுத்த குச்சியைக் காட்டினார், அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே சாய்வு, ஒரே ஆழம், ஒரு மயிரிழை பிசகில்லை.

"இது யாரு கையின்னு பாரும்மா," என்றார்.

மலர்க்கொடி உட்கார்ந்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை. அவள் அம்மா பால் வெட்டினவள், பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மங்கு துடைத்தவள். விரலை அந்தச் சீவல் மேல் வைத்து மெதுவாக இழுத்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். அவள் விரல் அங்கேயே நின்றுபோனது.

"என்னம்மா அது?" என்றார் ஹனீஃப். கடைக்காரருக்கு அது வெறும் கீறல்.

அவள் எழுந்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஹனீஃபைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லண்ணே. பூச்சி கடிச்ச தடம். நீங்க போயி மொதல்ல சாப்புடுங்க."

அவருக்காகப் பொய் சொன்னாள். அந்தப் பொய்க்குள் புகுந்துகொண்டால் இந்த வீட்டில் சாகிறவரைக்கும் சோறு உண்டு, மரியாதை உண்டு. திலீபனுக்கும் தெரியவராது.

"பூச்சி இல்லப்பா," என்றார். "கத்தி. பால்மரத்துக்குத் தடவுற மருந்து எங்கிட்ட இருந்துச்சு. பால் கூட வரும் அதுக்கு. இதுலயும் பூ கூட வரும்னு நெனச்சுத் தோலச் சீவித் தடவிட்டேன். பச்சப்புள்ளைக்கு மாட்டு மருந்தக் குடுத்த மாதிரி. நீ அடிச்சது சந்துப் புல்லோட சரி. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் பாத்தேன்னு சொன்னேன். என் மவன் வெளிய போன்னு சொல்லிருவான்னு பயந்துட்டேன். அதுக்கு ஒன்னக் காட்டிக் குடுத்தேன்."

மலர்க்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹனீஃப் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நல்லமுத்து நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

"நேத்து ஜும்மாவுல துவா கேட்டேன் மாமா," என்றார் ஹனீஃப். சாதாரணமாகத்தான் சொன்னார், பாசாரில் மீன் விலை சொல்லுகிற குரலில். "ஒரு பொண்ணு புள்ளையா வளத்தத கொன்னுட்டேன், அந்தப் பாவத்த எம்புள்ளைங்க மேல எறக்கிராத ரஹ்மானேன்னு. அழுதேன். பக்கத்துல நின்னவங்க எல்லாம் என்னாச்சுன்னு கேட்டாங்க."

பிறகு காருக்குப் போய் மிச்சமிருந்த பைகளையும் கொண்டுவந்து, ஒன்றையும் சாய்க்காமல், சுவரோரம் வரிசையாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "சாலிஹா காத்துக்கிட்டிருப்பா, வர்றேம்மா," என்று மலர்க்கொடியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.